வாசலற்ற புறம்

1958-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மேடின், டார்பி என்னும் இரு ஆய்வாளர்கள், வளர்ந்த பெண் காக்கர் ஸ்பானியல் நாயொன்றின் சிறுநீரகத்திலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்து ஆய்வகக் கலத்தில் வளர்த்தார்கள். அந்த நாய் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதன் சிறுநீரக உயிரணுக்களின் வழித்தோன்றல்களோ இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆய்வாளர் இருவரின் பெயர்களுக்கும், நாய், சிறுநீரகம் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களுக்கும் உரிய முதலெழுத்துகளைச் சேர்த்து அவற்றை எம்.டி.சி.கே. உயிரணுக்கள் என்று அழைக்கிறார்கள். முதலில் அவை வைரஸ் ஆய்வுக்கே பயன்பட்டன. அவற்றுக்கு வேறொரு குணமும் உண்டென்பது பின்னர்தான் கவனத்துக்கு வந்தது.

கலத்தின் அடிப்பரப்பு முழுவதும் ஓடு பதித்தாற்போல ஒற்றை அடுக்காக நெருங்கி நின்றபின், அந்தப் படலம் ஆங்காங்கே கொப்புளம்போல் எழும்பியது. காரணம் இதுதான்: உயிரணுக்கள் தமக்கு மேலிருந்த திரவத்திலிருந்து உப்பையும் நீரையும் உறிஞ்சித் தமக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தன. கீழே கலத்தின் கெட்டியான தரை. நீர் போக வழியில்லை. எனவே படலமே தரையைவிட்டு எழுந்தது. உடலை விட்டுப் பிரிந்து, இரத்த ஓட்டமும் நரம்பும் அற்ற இடத்தில் கிடந்தபோதும், எந்தப் பக்கம் எடுப்பது, எந்தப் பக்கம் கொடுப்பது என்பதை அவை மறக்கவில்லை.

நாங்கள் உயிரியல் கற்றவர்கள் அல்லோம். உடன்பிறந்தோர் மூவர், ஒருவர் வங்கியிலும் ஒருவர் பள்ளியிலும் ஒருவர் அச்சுத் தொழிலிலும் இருக்கிறோம். இந்த நாயின் சிறுநீரகத்தோடு எங்களுக்கு உறவு ஏற்பட்டது அப்பாவின் சிறுநீரகங்கள் வழியாக. அப்பா தமிழாசிரியர். 1998-இல், நாற்பத்தொன்பதாம் வயதில், விலாவில் வலி என்று எடுத்த ஸ்கேனில் அவருடைய இரு சிறுநீரகங்களிலும் கருவட்டங்கள் தெரிந்தன. எண்ண முடியாதபடி, கொத்துத் திராட்சைபோல். ஒவ்வொன்றும் நீர் நிறைந்த கட்டி. 2004-இல் டயாலிசிஸ் தொடங்கியது; 2009-இல் அவர் காலமானார். ஒரு சிறுநீரகம் இயல்பில் ஏறத்தாழ 150 கிராம் எடையிருக்கும். இந்நோயில் அது சில கிலோகிராம் வரை பெருப்பதுண்டு. கடைசி ஆண்டுகளில் அப்பாவின் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவும். உடல் மெலிந்துகொண்டே போக வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போன அந்தக் கோலத்தின் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

நிற்க. கட்டி என்றவுடன் கட்டுக்கடங்காமல் குலைந்துபோன ஒன்றையே நாம் நினைத்துக்கொள்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். படிக்கப் படிக்கத்தான் அப்பாவின் நீர்க்கட்டிகள் குலைவு அல்ல என்று தெரிந்தது. அவை மிகச் செம்மையாகக் கட்டப்பட்டவை. அதைச் சொல்வதற்கு முன், உடலில் ஒரு குழிவு எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

உடலின் பரப்புகளைப் போர்த்தியிருப்பதும், குழாய்களுக்கும் பைகளுக்கும் உட்சுவராக அமைவதும் எபிதீலியம் என்னும் படலத் திசு. குடலின் உட்சுவர், நுரையீரலின் காற்றறைகள், பால்சுரப்பி, சிறுநீரகத்தின் நுண்குழல்கள் எல்லாம் அதனாலானவை. இவ்வகை உயிரணு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முகங்கள் உண்டு. ஒரு முகம் குழாயின் உள்வெளியைப் பார்க்கும். அதற்கு எதிர்முகம் லேமினின், கொலாஜன் முதலிய புரதங்களால் நெய்யப்பட்ட மெல்லிய அடித்தள விரிப்பில் ஊன்றி நிற்கும். பக்கமுகங்கள் அண்டை உயிரணுக்களோடு ஒட்டியிருக்கும். அங்கே உள்முகத்தை ஒட்டினாற்போல், சுற்றிலும் இறுகத் தைத்தது போன்ற ஓர் இணைப்பு வளையம். அந்த வளையம் இருப்பதால் இடுக்குகளின் வழியே எதுவும் கண்டபடி கசிவதில்லை. ஒரு முகத்தின் புரதங்கள் இன்னொரு முகத்துக்கு நழுவிச் செல்வதும் தடைப்படுகிறது. இந்த முகவேறுபாட்டைப் பாடநூல்கள் துருவத்தன்மை என்கின்றன. திசையுணர்வு என்று சொன்னால் எங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

முகங்கள் எவ்வளவு வேறானவை என்பதை வைரஸ்கள் காட்டிக்கொடுத்தன. 1978-இல் என்ரிக்கே ரோட்ரிகெஸ்-பூலான், டேவிட் சபாட்டினி இருவரும் எம்.டி.சி.கே. உயிரணுக்களில் இரண்டு வகை வைரஸ்களைத் தொற்றச் செய்து பார்த்தார்கள். இன்ஃப்ளுயென்சா வைரஸ் மேல்முகத்தின் வழியாகவே வெளியேறியது. கால்நடைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் மற்றொரு வைரஸோ அடிமுகத்தின் வழியாகவும் பக்கமுகங்களின் வழியாகவும் மட்டுமே வெளியேறியது. அதாவது, உயிரணுவுக்குள் புரதங்களைப் பிரித்து முகவரி பார்த்து அனுப்பும் ஓர் அஞ்சல் நிலையமே இருக்கிறது. வைரஸ் அதை இரவல் வாங்கிக்கொள்கிறது.

சிறுநீரகத்துக்கு இந்த முகவரிகள் உயிர்நாடி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இரத்தத்திலிருந்து வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவைத் தவிர மற்றதையெல்லாம் நுண்குழல்கள் மீட்டுத் தந்துவிடுகின்றன. இந்த மீட்புக்கு ஆதாரம் அடிமுகத்தில் பதிந்திருக்கும் பம்பு. மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளிழுக்கும் அந்தப் பம்பை 1957-இல் விவரித்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு கிடைத்தது. பம்பு தவறான முகத்தில் போய் அமர்ந்தால் மீட்பு இழப்பாகிவிடும்.

இனி குழிவுக்கு வருவோம். எம்.டி.சி.கே. உயிரணுவைத் தட்டையான கலத்தில் விடாமல், கொலாஜன் போன்ற கூழுக்குள் புதைத்து வைத்தால் அது படலமாகப் பரவுவதில்லை. சில நாட்களில் ஒற்றை அடுக்குச் சுவர் கொண்ட, உள்ளே நீர் நிறைந்த ஒரு கோளமாகிவிடுகிறது. ஒன்று இரண்டாகப் பிரியும் வேளையிலேயே இது தொடங்கிவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். உள்முகத்துக்குரிய புரதங்கள் முதலில் வெளிப்பரப்பில்தான், கூழைப் பார்த்தபடி, இருக்கின்றன. உயிரணு கூழைத் தொட்டு உணர்கிறது. 'இது தரை' என்ற செய்தி உள்ளே போகிறது. உடனே வெளியிலிருந்த அப்புரதங்களைச் சிறு பைகளாக விழுங்கிக்கொண்டு, இரண்டு உயிரணுக்களும் ஒன்றையொன்று பார்க்கும் இடத்துக்கு, பிரிவின் கடைசி இழை இன்னும் அறுபடாமல் நிற்கும் அந்தப் புள்ளிக்கு, கொண்டுசேர்க்கிறது. அப்படிச் சேர்பவற்றில் ஒன்று போடோகேலிக்சின் என்னும் புரதம். அது எதிர்மின்னேற்றம் மிகுந்தது. எதிரெதிர்ச் சவ்வுகள் இரண்டிலும் அது இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. ஒட்டியிருந்த இடத்தில் ஓர் இடைவெளி பிறக்கிறது. பிறகு அதற்குள் அயனிகள் செலுத்தப்படுகின்றன, நீர் பின்தொடர்கிறது, குழிவு வளர்கிறது.

வெற்றிடம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்கள் தத்துவத்துக்குத் தாவிவிடுவது வழக்கம். இங்கே அதற்கு இடமில்லை. இந்தக் குழிவு வெறுமையும் அன்று, தானாக விடுபட்டதும் அன்று. சுற்றியுள்ளவை ஒவ்வொன்றும் முகம் திருப்பி, பொருள் அனுப்பி, நீர் இறைத்து உழைத்துக் கட்டியது.

எங்களை வெகுநேரம் பேசவைத்த சோதனை வேறொன்று. இதே உயிரணுக்களைக் கூழில் புதைக்காமல் திரவத்தில் மிதக்கவிட்டாலும் அவை கோளமாகத் திரள்கின்றன. ஆனால் உள் வெளியாகத் திரள்கின்றன. உள்முகம் வெளியே பார்க்கிறது. அந்தக் கோளத்தை எடுத்துக் கொலாஜனுக்குள் வைத்தால், அது மெல்ல மெல்லத் தன்னைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறது. 1990-இல் வெளிவந்த ஆய்வு இது. 2001-இல் இன்னொரு குழு, லேமினினை ஒழுங்காக அடுக்க முடியாமல் செய்தால் கூழுக்குள் இருக்கும்போதே திசை தலைகீழாகிவிடுகிறது என்று காட்டியது. ஓர் உயிரணுவுக்கு எது உள், எது வெளி என்பது தானாகத் தெரிவதில்லை. ஊன்ற ஒரு தரையும் ஒட்ட ஓர் அண்டையும் கிடைத்தபின் தீர்மானமாவது அது.

குழிவுக்கு மற்றொரு வழியும் உண்டு. அது சாவின் வழி. முதலில் கெட்டியான திரளாக வளர்ந்து, பின் நடுவில் இருப்பவை மடிந்து இடம் விடுவது. அடித்தள விரிப்பைத் தொட முடியாத நடு உயிரணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. மார்பகப் பால்சுரப்பியின் உயிரணுக்களைக் கூழில் வளர்த்தபோது உட்குழிவு இவ்விதம் தோன்றுவதை ஜோன் ப்ரூகியின் ஆய்வுக்குழு 2002-இல் விவரித்தது. எலிக்கருவில் ஏற்படும் முதல் குழிகளில் ஒன்றும் இப்படித்தான் உண்டாகிறது என்று 1995 முதல் நம்பப்பட்டு வந்தது. 2014-இல் இவான் பெட்ஷோவும் மக்தலேனா செர்னிக்கா-கெட்சும் அதை மறுத்தார்கள். அங்கே உயிரணுக்கள் பூவிதழ்போல் ஒரு மையத்தை நோக்கி ஒருங்கு திரும்பி நிற்கின்றன; மையத்தில் இடைவெளி திறக்கிறது; அதற்குச் சாவு தேவைப்படவில்லை. எம்.டி.சி.கே. உயிரணுக்களிடம் இரு வழிகளும் உண்டென்று 2008-இல் ஓர் ஆய்வு சொன்னது. திசை விரைவில் தெளிந்தால் யாரும் சாக வேண்டியதில்லை. தாமதமானால் நடுவில் அகப்பட்டவை மடிந்தாக வேண்டும்.

இந்தத் திசையைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் பல, சிறுநீரகத்தில் தேடிக் கண்டவை அல்ல. 1988-இல் கென்னத் கெம்ஃபூஸும் அவர் குழுவினரும் ஒரு புழுவின் முட்டையில் முன் எது, பின் எது என்பதைத் தீர்மானிக்கும் பார் மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். பழ ஈயில் க்ரம்ப்ஸ் என்றொரு மரபணு உண்டு. அது கெட்டுப்போன ஈக்கருவின் மேற்றோல் ரொட்டித் துகள்போல் உதிர்ந்துவிடுவதால் வந்த பெயர். புழுவின் முட்டையையும் ஈயின் தோலையும் மனிதச் சிறுநீரகத்தையும் ஏறக்குறைய ஒரே இலக்கணம் ஆள்கிறது. மனிதரிடத்தில் க்ரம்ப்ஸின் உறவான மரபணு பழுதானால் விழித்திரை கெட்டுப் பார்வை போகிறது.

இப்போது அப்பாவிடம் திரும்பலாம். அவருக்கு இருந்தது பரம்பரையாக வரும் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். பெரும்பாலும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதாவதால் வருவது. அவற்றுள் முதலாவதை 1994-இலும் இரண்டாவதை 1996-இலும் கண்டுபிடித்தார்கள். அம்மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள், நுண்குழலின் உள்வெளிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்போன்ற ஓர் உறுப்பில் அமர்ந்திருக்கின்றன. குழல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்ற அளவுணர்வு அவற்றோடு ஏதோ வகையில் பிணைந்திருக்கிறது. பெற்றோரிடமிருந்து வந்த இரு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுது. வாழ்நாளில் எங்கோ ஒரு குழலில் ஓர் உயிரணு மற்றப் பிரதியையும் இழக்கிறது. அந்த ஓர் உயிரணு பிரிந்து பிரிந்து குழலின் சுவரைப் புடைக்க வைக்கிறது. புடைப்பு பையாகிறது. ஓரளவு வளர்ந்ததும் பெரும்பாலான பைகள் தாய்க்குழலிலிருந்து அறுந்து தனித்துப்போகின்றன.

அறுந்த பிறகும் அவை வளர்கின்றன என்பதே எங்களைத் திடுக்கிடச் செய்தது. அந்தப் பையின் சுவர் அதே ஒற்றை அடுக்கு. அதே இணைப்பு வளையங்கள். உள்முகம் உள்ளேயே பார்க்கிறது, அடிமுகம் விரிப்பில் ஊன்றியே நிற்கிறது. பம்பு உள்முகத்துக்கு மாறிவிடுவதே நோயின் காரணம் என்று 1990-களின் தொடக்கத்தில் ஒரு கருத்து இருந்தது. பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் அது தன் இடத்திலேயே காணப்பட்டது. உயிரணுக்கள் குளோரைடை உள்ளே இறைக்கின்றன. சோடியமும் நீரும் பின்செல்கின்றன. கன்சாஸில் ஜேரெட் கிரான்தமின் குழுவினர் 1989-இல் இதை ஆராய எடுத்துக்கொண்டவை நாம் முதலில் சொன்ன நாயின் உயிரணுக்களையே. கூழில் வளரும் அந்தக் கோளங்கள், உயிரணுக்களுக்குள் செய்தி கடத்தும் ஒரு சிறு மூலக்கூறின் அளவு கூடினால் தோன்றிப் பெருத்தன. நோயில்லாத நாயின் உயிரணு கூழுக்குள் கட்டுகிற அழகிய கோளமும், எங்கள் அப்பாவை அழித்த கோளமும் ஒரே கைவேலை. கசிகிற சுவராக, திசை தவறிய சுவராக இருந்திருந்தால் அவருடைய கட்டிகள் நிரம்பியே இரா.

அப்பா வகுப்பில் அகம், புறம் பற்றி நடத்தும்போது, இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிக்கொள்ளாதீர்கள் என்பார். உடலில் இது இன்னும் சிக்கலானது. குடலின் உள்வெளியும் சிறுநீர்க்குழலின் உள்வெளியும் நாம் 'உள்ளே' என்று சொல்லும் இடங்கள். ஆனால் அவை இடையறாது வெளியுலகோடு திறந்திருப்பவை. நுண்குழலிலிருந்து சிறுநீர்ப்பை வழியாக வெளிக்காற்று வரை ஒரே வெளிதான். ஆகவே அந்த அகம் உண்மையில் புறம்; உடலுக்குள் புகவிட்ட புறம். உயிரணுக்கள் அதைப் பார்த்து நிற்கின்றன, அதிலிருந்து எடுக்கின்றன, அதற்குள் கழிக்கின்றன. குழலிலிருந்து அறுந்த நீர்க்கட்டியோ திரும்பும் வழியை இழந்த புறம். சுவருக்கு அது தெரியாது. இன்னமும் வெளியுலகத்தை எதிர்நோக்கி நிற்பதாகவே கருதி இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கிறது.

உறவினர்கள் வேறு காரணம் சொன்னார்கள். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுதும் நின்று பாடம் நடத்தினார், அதனால் வந்தது என்றார்கள். அப்பாவும் அதை நம்பினார். டயாலிசிஸ் படுக்கையில் இருந்தபடி தம்மையே நொந்துகொண்டிருந்தார். ஐம்பத்திரண்டாம் வயதில் தலையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்த ஆச்சிக்கும் இதே நோய் இருந்திருக்கலாம் என்று அவரிடம் சொல்ல யாரும் இல்லை. எங்களுக்கே அது பின்னால்தான் தோன்றியது. மூளையின் இரத்தக்குழாய்களில் வீக்கம் இந்நோயோடு சேர்ந்து வருவதுண்டு. தண்ணீர்ப் பேச்சை நாங்கள் மூடநம்பிக்கை என்று தள்ளியிருந்தோம். அதிலும் ஓர் இழை உண்மை இருந்தது. தாகத்தின்போது சுரக்கும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோன்தான் கிரான்தம் பார்த்த அந்தச் செய்தி மூலக்கூறைச் சிறுநீரகத்தில் பெருகச் செய்கிறது. தண்ணீர் குடித்தால் ஹார்மோன் குறையும். ஆனால் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பது கட்டிகளின் வளர்ச்சியைத் தணிக்குமா என்று ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு நடத்திப் பார்த்த ஆய்வில், 2022-இல் வெளியான முடிவு, தணிக்கவில்லை என்பது. அப்பா எத்தனை குடம் குடித்திருந்தாலும் இது வந்தேயிருக்கும். அவர் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாமல் போனது எங்களுக்கு ஆறாத குறை.

அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் டோல்வாப்டான் என்னும் மாத்திரை உண்டு. 1445 பேரிடம் மூன்றாண்டு சோதித்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுநீரகம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடு பெருப்பதற்குப் பதிலாக 2.8 விழுக்காடு பெருத்தது. குணமாக்குவதில்லை, மெதுவாக்குகிறது. தீராத தாகமும் ஓயாத சிறுநீரும் அதன் விலை. கல்லீரலையும் அவ்வப்போது சோதித்தாக வேண்டும்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி. மூன்று பேர், மூன்று முறை சுண்டிய காசு. எங்களில் ஒருவருக்கு உண்டு. ஒருவருக்கு இல்லை. இருப்பவர் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இரவில் நான்கைந்து முறை எழுகிறார். இல்லாதவர், இல்லை என்று அறிந்த நாளில் மகிழ்ச்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஸ்கேன் அறிக்கையை ஒரு மாதம் பையிலேயே வைத்திருந்தார். மூன்றாமவர் ஸ்கேன் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கச் சொல்லி மருத்துவர் சொல்லிவிட்டார். மற்ற இருவரும் ஓரிரு முறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டோம். அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

இந்தக் கட்டுரைக்காக மேலே சொன்ன ஆய்வுகளை அதிகம் தேடிப் படித்தவரும், இதைத் தட்டச்சு செய்தவரும் அவர்தான். தலைப்பும் அவர் வைத்தது.